என் மனைவிக்கு நானே இரண்டாம் புருஷன்

எனக்குக் கொடுத்த மெடலைப் பார்க்க வேண்டும் என்று இன்னமும் யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, வழியில் போகிற சொந்தக்காரர் என்று எல்லாருக்கும் அந்த ஆசை இருக்கிறது. பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். கையில் வாங்கி எடை பார்க்கிறார்கள், வெள்ளியா என்று கேட்கிறார்கள், அப்புறம் கப்பலைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறார்கள். எனக்கு அலுத்துப் போய்விட்டது. இடது காது கேட்காது என்று சொல்லி, அந்தக் காதையே அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். காது கேட்காதது நிஜம்தான், கண்ணிவெடியோடு போன காது அது. போனதை இப்படி உபயோகப்படுத்திக்கொள்வது மட்டும் என் சாமர்த்தியம்.

அந்த மெடலுக்காக நான் மனசார நன்றி சொன்னேனா என்று இவர்களில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்து பார்த்தேன். இனிமேல் யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டதால் நானே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பருத்தியும் சோளமும்தான் வெள்ளாமை. கண்மாய் நிறைந்து காற்றடித்தால்தான் அலை என்று ஒன்றை எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள். அங்கே பிறந்தவன் கப்பலுக்குப் போனது எப்படி என்றால், வீட்டில் கோபித்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறியதால்தான். சரக்குக் கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, அதிகாரியானேன். இடையில் ஊருக்கு வந்து கல்யாணமும் பண்ணிக்கொண்டேன். மதுரைக்கு வடக்கே ஆனையூரில் பெண் எடுத்தது. எங்களுக்கு ஒரே மகள். சண்டை வந்ததும், கப்பல் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று எங்களைக் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் கண்ணிவெடி வாருகிற சின்னக் கப்பல் ஒன்றுக்கு என்னைக் கமாண்டராகப் போட்டார்கள்.

கமாண்டர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மீன்பிடிக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் அடித்து, முன்னால் ஒரு பீரங்கியை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பின்னால் நீளமான கம்பிவடத்தை இழுத்துக்கொண்டு கடலில் மேலும் கீழும் போய்வர வேண்டும். அடியில் கட்டிவைத்திருக்கிற வெடியின் சங்கிலியை அந்த வடம் அறுக்கும், வெடி மேலே மிதக்கும், அதைச் சுட்டு வெடிக்கவைப்போம். விடிந்தால் அதே வேலை. என் தாய்மாமனிடம் இதை விளக்கிச் சொன்னபோது அவர் கேட்டார், "அப்ப ஒழவுதேன், இல்லையா மாப்ள? சாலு விட்டுப்போச்சுன்னா?" உழாமல் விட்டுப்போன சாலில் வேறொரு கப்பல் வந்து செத்துப்போகும் என்றேன். ஊரில் என் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருத்தர்தான்.

பர்மாக் கரையோரம் ஒரு நாள் சால் விட்டுப்போனது, எங்களுக்கே. கப்பல் இரண்டாகப் போய்விட்டது. என்னை யாரோ ஒரு சரக்குப் படகுக்காரர்கள் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்து, வங்காளத்தில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தலையில் அடி. நான் யார் என்று எனக்கே தெரியாமல் வாரக்கணக்கில் கிடந்தேன். உடுப்பும் காகிதங்களும் கடலோடு போய்விட்டன. அதனால் வீட்டுக்குத் தந்தி போய்விட்டது. காணவில்லை, இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்று சர்க்கார் அடித்த தந்தி.

ஊர் கொஞ்ச நாள் காத்திருந்தது. குறை சொல்லக் கூடாது. வெட்டியாகக் காத்திருக்க முடியாத காரணமும் இருந்தது, என் மகள் கல்யாணத்துக்கு நின்றாள். செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அந்த வீட்டில் பந்தல் போட முடியுமா? அண்ணன் தயங்கினாராம். ஊர்ப் பெரியவரான என் தாய்மாமன்தான், "சர்க்காரே சொன்னதுக்கு அப்புறம் நாம என்ன சோதிக்கிறது" என்று முடிவு சொன்னார். உடம்பு இல்லாததால் வைக்கோலில் ஆள் மாதிரி கட்டி, நான் கல்யாணத்துக்குப் போட்டிருந்த கறுப்புக் கோட்டை அதற்கு மாட்டி, சுடுகாட்டில் வைத்து எரித்தார்கள். நல்ல கோட்டு. பதினாறாம் நாள் கருமாதி செய்து, என் மனைவியின் வளையலை உடைத்து, தாலியை வாங்கிப் பால் செம்பில் போட்டார்கள். அவள் மட்டும், "அவுக சாகல, அவுக சாகல" என்று கத்திக்கொண்டே இருந்தாளாம். "எல்லாப் பொம்பளையும் அந்நேரம் அப்படித்தேன் கத்துவாக, தம்பி" என்று என் மதினி, அண்ணன் பெண்சாதி, பிற்பாடு என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று கேட்டுக்கொண்டேன்.

எனக்கு நினைவு வந்து கை பேனாவைப் பிடித்ததும் முதல் காரியமாக, சௌக்கியம் என்று மட்டும் வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன். சண்டைக் காலத் தபால். எந்த ஊர், என்ன தேதி என்பதையெல்லாம் தணிக்கைக்காரன் மையைப் பூசி மறைத்துவிடுவான். அந்தக் கார்டு கருமாதி முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. சாவதற்கு முன்னால் எழுதியிருப்பான், தபால் மெதுவாக வந்திருக்கிறது என்று எல்லாரும் இன்னொரு தடவை அழுதார்கள்.

ஆக, நான் செத்துப்போனது தெரியாமலே ஊருக்கு வந்தேன். திருமங்கலத்தில் பஸ் மாறினேன். பின்னால் கரி அடுப்பு வைத்துப் புகைவிட்டுக்கொண்டு ஓடுகிற பஸ், பெட்ரோல் அந்தக் காலத்தில் கண்ணில் படாது. எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் முன் சீட்டில் இருந்தார். "என்ன அண்ணே, சௌக்கியமா?" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல், பஸ் மெதுவாகப் போன இடத்தில் குதித்து இறங்கிச் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டார். பட்டாளத்தில் இருந்து வந்தவனுக்குப் பயப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் எல்லையிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். ஆனாலும் வீட்டுக்குள் விடவில்லை. கருமாதி செய்து அனுப்பப்பட்டவன் அப்படியே வாசல் வழியாக நுழையக் கூடாதாம், மறுபடியும் பிறந்துதான் வர வேண்டுமாம். தோட்டத்துக் கிணற்றடியில் என்னை உட்காரவைத்து, பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். அப்புறம் தாய்மாமன் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, பச்சைப் பிள்ளைக்குச் சேனை வைப்பதுபோல என் நாக்கில் தொட்டுவைத்தார். எனக்கு நாற்பது வயது. மீசையில் நரை. ஒரு கப்பலை நடத்தியவன். "வாயத் தொற மாப்ள" என்றார் மாமன். திறந்தேன். தலை வலித்தது, தூங்கினால் போதும் என்றிருந்தது. என்ன செய்தாலும் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆனையூரில் தன் அண்ணன் வீட்டில் இருந்த என் மனைவியை வண்டி கட்டி அழைத்துவந்தார்கள். வெள்ளைச் சேலையில் இறங்கினாள். என்னைப் பார்த்து அவள் அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "மெலிஞ்சு போயிட்டீக" என்றாள், அவ்வளவுதான். பிள்ளையார் கோயிலில் வைத்து, நான் புதிதாகப் பிறந்தவன் அல்லவா, புதிதாக ஒரு தாலியை அவள் கழுத்தில் கட்டினேன். மேளம் கிடையாது. முடிச்சு சரியாக விழவில்லை, அவள்தான் பிடித்துக்கொடுத்தாள். எல்லாரும் நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாகக் கலைந்தார்கள்.

அங்கேதான் தப்பு நடந்துவிட்டது. அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

புருஷன் செத்து மறுதாலி கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கமல்ல. அறுத்துக் கட்டினவள் என்பார்கள். அவள் குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெறலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நல்ல காரியங்களில் அவளை முன்னால் விட மாட்டார்கள். ஆரத்தி எடுக்கக் கூடாது, நலுங்கு வைக்கக் கூடாது, மணவறைப் பக்கம் நிற்கக் கூடாது. என்னைப் பிறக்கவைத்துத் தாலி கட்டவைத்த அன்றே என் மனைவி அறுத்துக் கட்டினவள் ஆகிவிட்டாள். முதல் புருஷன் நான். அவன் செத்துப்போனான். இரண்டாம் புருஷனும் நான்தான்.

இது எனக்குத் தெரியவந்தது பக்கத்து வீட்டுக் காதுகுத்தில். ஆரத்தித் தட்டு பெண்கள் கையில் ஒவ்வொருத்தராக மாறிக்கொண்டே வந்தது. என் மனைவியும் கையை நீட்டினாள். மதினி அந்தத் தட்டை அவளைத் தாண்டி அடுத்தவளிடம் கொடுத்தார். முறைப்பாகக்கூட இல்லை, இரக்கமாகத்தான் செய்தார். நீட்டின கையை என் மனைவி அப்படியே கொண்டுபோய்த் தலைமுடியை ஒதுக்குவதுபோல மடக்கிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பார்த்தவன் நான், அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

பிறகு மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. யார் தாரை வார்ப்பது என்ற பேச்சு வந்தது. தகப்பன் கையில் மகள் கையை வைத்து, தாய் செம்புத் தண்ணீரை வார்த்துக் கொடுப்பதுதான் கல்யாணத்தில் பெரிய காரியம். அண்ணனும் மதினியும் நின்று செய்யட்டும் என்று ஊர் முடிவு பண்ணிவிட்டது. மகள் அன்றைக்குப் பூராவும் சாப்பிடவில்லை. என் மனைவி வழக்கம்போல அடுப்படியில் வேலையாக இருந்தாள். "நீ என்ன சொல்றே?" என்று கேட்டேன். "ரேஷன்ல கல்யாணத்துக்குன்னு எம்புட்டு அரிசி குடுப்பாகன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

மாமனிடம் போனேன். "மாமா, யாரை அறுத்து யாரைக் கட்டினா அவ?" என்று கேட்டேன்.

"ஒன்னைய அறுத்து ஒன்னையத்தேன் கட்டுச்சு" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "நான் என்ன மாப்ள பண்ணட்டும்? ஒனக்குச் சேனை வச்சதே இந்தக் கைதானே. எனக்கு மட்டும் ஆசையா?"

"நான் சாகவே இல்லையே. அப்புறம் எப்படி அவ தாலி அறுத்தவ ஆவா?"

"நீ சாகலேங்கிறது இப்பத் தெரியுது. அன்னைக்குச் சர்க்கார் செத்துட்டான்னுச்சு. நாங்க செஞ்சோம். அந்தத் தந்தி பொய்யின்னு இன்னைக்கு வரைக்கும் யாராச்சும் வந்து சொன்னாகளா? தாசில்தார் சொன்னாரா? மணியக்காரர் சொன்னாரா? சர்க்கார் சொல்லிச் செஞ்சத நான் எப்பிடிச் செல்லாதுங்க முடியும்?"

"நானே எதிர்ல நிக்கிறேன்."

"நீ நிக்கிறே. நீ திரும்பப் பொறந்தவன்ல."

கோபத்தோடுதான் எழுந்து வந்தேன். பாதி வழியில் கோபமும் அலுத்துப்போய்விட்டது. மாமன் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது. என்னைச் சாகடித்தது சர்க்கார். பிழைக்கவைத்தது ஊர். ஊருக்குத் தெரிந்த மாதிரி பிழைக்கவைத்தார்கள். பிழைக்கவைக்க வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் வேறு.

அந்தச் சமயத்தில்தான் சண்டையெல்லாம் முடிந்து, எனக்கு மெடல் கொடுப்பதாகக் கடிதம் வந்தது. மதுரையில் கலெக்டர் கையால் கொடுப்பார்கள். தாசில்தார் தாமாகவே வீட்டுக்கு வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, காதோடு சொன்னார். "சார், இந்த மாதிரி நேரத்தில் கேட்டால் நிலம் கிடைக்கும். வைகைப் பாசனத்தில் புறம்போக்கு இருக்கிறது. கலெக்டரைப் போய்ப் பாருங்கள்." பார்க்கிறேன் என்றேன். என் அண்ணனுக்குக் கண் மின்னியது. பாவம், வானம் பார்த்த பூமியிலேயே காலம் தள்ளியவர்.

கலெக்டர் வெள்ளைக்காரர். அவர் அறையில் பாதிச் சாமான் கட்டிவைக்கப்பட்டிருந்தது. சீமைக்குப் போகிற நாள் பக்கத்தில் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் போலவே அவரும் களைத்துப்போயிருந்தார், அதனாலோ என்னவோ எனக்கு அவரிடம் பேசுவது சுலபமாக இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு வாக்கியம் வேண்டும் என்றேன். நான் இறந்ததாக அனுப்பிய தந்தி தவறு என்று, கூட்டத்தில், எங்கள் ஊர்க்காரர்கள் காதில் விழும்படி, தமிழில் நீங்கள் சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். காரணம் கேட்டார். சொன்னேன். வைக்கோல் பொம்மை, சேனை, காதுகுத்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஆனால் இரண்டு தடவையும் அதே புருஷன்தானே?" என்றார். நானும் அதைத்தான் கேட்கிறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. இந்த ஜில்லாவில் இத்தனை வருஷம் இருந்தும் இன்னும் விளங்காதது எவ்வளவோ இருக்கிறது என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். "சர்க்கார் தான் செய்ததைத் தப்பு என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை. பார்க்கிறேன்" என்று எழுந்து கை கொடுத்தார். நிலம் கேட்காமல் வந்ததற்கு அண்ணன் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

கூட்டத்தன்று எல்லாரும் கிளம்பினோம். அண்ணன், மதினி, மாமன், என் மனைவி, மகள். ஆரப்பாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கரிப்புகையைக் கழுவிக் குளித்துவிட்டு, கலெக்டர் கச்சேரி மைதானத்துப் பந்தலுக்குப் போனோம். வெளியே கதர்ச் சட்டைப் பையன்கள் சிலர் வெள்ளையனே போ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் என் உடுப்பைப் பார்த்து என்னவோ சொன்னான், நல்லவேளை அது இடது காதுப் பக்கம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொன்னதும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் நிற்கிற தெம்பு மட்டும் எனக்கு இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள், போய் நின்றேன். கலெக்டர் இங்கிலீஷில் ஏதோ படித்தார். இக்கட்டான நிலையில் காட்டிய தைரியம், கடமையில் உறுதி என்றெல்லாம். படித்துமுடித்து என் சட்டையில் மெடலைக் குத்தினார். குத்திவிட்டு அவர் இடத்துக்குத் திரும்பிவிட்டார். சொல்ல மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. பயந்துபோனேன். கப்பல் உடைந்தபோதுகூட அப்படிப் பயப்படவில்லை, அப்போது அதற்கு நேரம் இல்லை.

அவர் மேஜையில் இருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் முன்னால் வந்தார். முன் வரிசையைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

"இவர் இறந்தார் என்று நாம் அனுப்பிய தந்தி பிழை. இவர் இறக்கவே இல்லை. இவர் மனைவியாருக்கு நேர்ந்த துன்பத்திற்கு அரசாங்கம் வருந்துகிறது."

கடைசி வாக்கியத்தை நான் கேட்கவில்லை. அது அவராகக் கொடுத்தது.

பதிலுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். இங்கிலீஷில் நான்கு வரி தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வரியிலேயே அழுதுவிட்டேன். கூட்டம் கை தட்டியது, வீரன் கண்ணீர் விடுகிறான் என்று. என்னோடு கப்பலில் இருந்தவர்கள் போனபோது எனக்கு அழுகை வரவில்லை. அவர்கள் வீடுகளுக்கும் தந்தி போனது. அந்தத் தந்திகள் எல்லாம் சரியானவை. எந்தக் கலெக்டரும் எந்தப் பந்தலிலும் அவற்றைப் பிழை என்று சொல்ல முடியாது. அதையெல்லாம் சேர்த்துத்தான் அன்றைக்கு அழுதேன் என்று நினைக்கிறேன். நன்றி என்ற ஒரு சொல்லை மட்டும் எப்படியோ சொல்லிவிட்டு இறங்கினேன்.

பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மாமன் எனக்காக நின்றுகொண்டிருந்தார். மெடலை அவர் பார்க்கவே இல்லை. மதினியைக் கூப்பிட்டார்.

"கேட்டியாத்தா? தந்தி தப்பாம். சர்க்காரே தப்புங்குது. அப்ப நாம செஞ்ச கருமாதி செல்லாது. கருமாதி செல்லாதுன்னா இவன் திரும்பப் பொறக்கவும் இல்ல. நான் வச்ச சேனையும் செல்லாது."

"அப்ப ரெண்டாவது தாலி?" என்று கேட்டார் மதினி.

மாமன் யோசித்தார். "அது... சும்மா இருந்துட்டுப் போகட்டும். தாலி கூட ஒண்ணு இருந்தாத் தப்பா? இந்தப் புள்ள தாலி அறுக்கவே இல்ல. அம்புட்டுத்தேன். தாரை வார்க்கிறது ஆத்தாக்காரிதேன்."

மதினி முகத்தைக் கவனித்தேன். வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மகளின் கன்னத்தைத் தடவி, "எனக்கும் சங்கட்டமாத்தேன் இருந்துச்சு. முறையின்னு இருக்குல்ல" என்றார். நான் அவரைப் பற்றி நினைத்திருந்த அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை. நினைத்துச் செலவழித்த கோபம் வீணாகப்போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போவமா?" என்று மட்டும் என் மனைவி கேட்டாள்.

கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. ரேஷன் அரிசி போதாமல் பாதிப் பேருக்குச் சோளச்சோறு போட்டோம், யாரும் குறை சொல்லவில்லை. முகூர்த்த நேரத்தில் மதினியே செம்பைக் கொண்டுவந்து என் மனைவி கையில் கொடுத்தார். நான் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் என் கைமேல் விழுந்து, மகள் கைமேல் வழிந்து, மாப்பிள்ளை கைக்குப் போனது. என் மனைவி நிதானமாக வார்த்து முடித்தாள். அந்த நிமிஷத்தில் அந்தக் கலெக்டர் எதிரே இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். பொய் சொல்லவில்லை.

கல்யாணக் களை எல்லாம் அடங்கிய பிறகு, மெடல் வாங்கியவர்கள் சர்க்காருக்கு முறைப்படி ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று தாசில்தார் ஆபீசில் இருந்து நினைவூட்டினார்கள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை வார்த்தை தானாக வந்தது. மேதகு சர்க்கார் என் சேவையை அங்கீகரித்ததற்கும், பொதுவில் ஒரு பிழையைத் திருத்தியதற்கும், நானும் என் மனைவியும் என்றென்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்று எழுதினேன். ஒரு வரிகூட வெறும் உபசாரம் இல்லை. என் சேவையில் நான் எழுதின அறிக்கைகளில் அவ்வளவு உண்மையானது வேறொன்று இருக்காது.

என் மனைவி கல்யாணத்துக்கு வாங்கிய பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழில் சொல்லிக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

கட்டுகிற கை நின்றது.

"அதுல என்னைய எடுத்துருங்க" என்றாள்.

"ஏன்?"

"நன்றி சொல்லணும்னா நீங்க சொல்லிக்கங்க. ஒங்களுக்கு மெடல் குடுத்தாக. நான் எதுக்குச் சொல்லணும்?"

"அவர் அந்த ஒரு வார்த்தை சொல்லலேன்னா நீ மணவறையில நின்னிருப்பியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். ரொம்ப நாள் சுமந்த ஒன்றை இறக்கிவைக்கிற களைப்புத்தான் இருந்தது.

"அவரு பந்தல்ல என்ன சொன்னாரு? நீங்க சாகலேன்னு சொன்னாரு. அதையேதான நான் பதினாறு நாளும் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன். ஒங்க அண்ணன் கேட்டாகளா? ஒங்க மாமன் கேட்டாரா? வளையலைப் பிடிச்சு ஒடைக்கையிலயும் சொன்னேன். நான் சொல்லையில அது பொம்பளை கத்தல். வெள்ளைக்காரன் ஒரு தடவை சொன்னதும் எல்லாம் சரியாப்போச்சு. நீங்களும் அவன்கிட்டத்தான போயி நின்னீக. வந்ததுலருந்து ஒரு நாளாவது, நீ அன்னைக்கு என்ன சொன்னே, எப்பிடித் தெரிஞ்சு சொன்னேன்னு என்கிட்டக் கேட்டீகளா?"

கேட்கவில்லை.

என் காது கேட்காதது இடது பக்கம் மட்டும்தான். அவள் எப்போதும் வலது பக்கம்தான் உட்காருவாள்.

புதுத் தாள் எடுத்து, அவளை விட்டுவிட்டு, நான் மட்டும் நன்றி சொல்வதாக முதலில் இருந்து எழுதினேன். அவள் பாத்திரத்தைக் கட்டி முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, அன்றைக்குச் சாயங்காலம்தான், எப்படித் தெரிந்து சொன்னாள் என்று அவளிடம் கேட்டேன்.